டாக்டர் எழுதியதைச் செய்வது மட்டும்தானா நர்ஸ் வேலை? ஹெண்டர்சன் தியரி பற்றி விரிவாக

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கை. வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்ஸின் தியரி என்று, மனிதரின் அடிப்படைத் தேவைகளாக அவர் சொன்ன 14 பாயிண்ட்டை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டாராம். ஆனால் வார்டுக்குப் போனால் ஊசி, ட்ரிப், பிபி, கேஸ் ஷீட் என்று ஓடுவதற்கே நேரம் சரியாகப் போகிறது, டாக்டர் எழுதி வைத்ததைச் செய்வதுதான் நம் வேலை என்று சீனியர்களே சொல்கிறார்கள், அப்புறம் இந்தத் தியரியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நான் 22 வருடமாக நர்ஸ், கடைசிச் சில வருடங்களாக மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. படித்த காலத்தில் எனக்கும் ஹெண்டர்சன் என்றால் 14 பாயிண்ட் மட்டும்தான். வேலைக்கு வந்து ஆறேழு வருடம் கழித்து, ஒரு அம்மா விஷயத்தில் நான் தப்பாக முடிவு செய்த பிறகுதான் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதைக் கீழே சொல்கிறேன். முதலில், அந்த 14 பாயிண்ட்டை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார், ஒன்றிரண்டு வாக்கியம்தான், விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும். ஒருவர் நோயாளியாக இருக்கலாம், நன்றாகவும் இருக்கலாம். நலமாக இருக்கவோ, உடம்பு தேறவோ, இனித் தேற வழியில்லை என்றால் அமைதியாகக் கண்மூடவோ அவர் செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. போதிய பலமும் மனசும் விவரமும் இருந்தால் யார் துணையும் இல்லாமல் அவரே அதைச் செய்துகொள்வார். அது இல்லாத நேரத்தில் அந்தக் காரியங்களைச் செய்ய அவருக்கு உதவுவதுதான் நர்ஸுக்கே உரிய வேலை. அந்த உதவியையும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் இருக்கும்படியாகச் செய்ய வேண்டும்.

இதில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, டாக்டரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டர் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை, டாக்டர் வகுத்த சிகிச்சையை நோயாளி பின்பற்ற உதவுவதும் நர்ஸ் வேலைதான் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஆனால் நர்ஸின் வேலையை அவர் டாக்டரிடமிருந்து தொடங்கவில்லை, நோயாளியிடமிருந்து தொடங்கினார். அடிப்படைப் பராமரிப்பு என்று வரும்போது விவரம் தெரிந்த ஆள் நர்ஸ்தான், அதில் அவள் சொந்தமாக முடிவெடுக்கலாம், எடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தியரி தானாக மனதில் நிற்கும். ஹெண்டர்சன் 1897 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவ நர்சிங் பள்ளியில் சேர்ந்து, வாஷிங்டனில் வால்டர் ரீட் மருத்துவமனையில் பயிற்சி பெற்று 1921இல் முடித்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஆனி குட்ரிச், நர்சிங் என்பது கைவேலை மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். ஆனால் வார்டில் நடந்த பயிற்சி வேறு மாதிரி. வேகமாகச் செய், சுத்தமாகச் செய், கேள்வி கேட்காதே. இந்த இடைவெளி அவரை உறுத்தியது. பயிற்சி முடிந்ததும் நியூயார்க்கில் ஹென்றி ஸ்ட்ரீட் அமைப்பில் வீடு வீடாகப் போகும் நர்ஸாக வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் நன்றாகத் தேறி அனுப்பப்பட்டவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதை நேரில் பார்க்கும் வேலை அது. வீட்டில் எதுவும் மாறாமல் இருந்தால் அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார், இதை நம் ஊர் வார்டிலும் தினமும் பார்க்கிறோம்.

இன்னொன்று, மறுவாழ்வு மருத்துவத்தில் ஜார்ஜ் டீவர் என்றொரு டாக்டர் இருந்தார். ஊனமுற்றவர்களைத் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய சிகிச்சையின் குறிக்கோள். அதைப் பார்த்ததில்தான் 'சீக்கிரம் தன் காலில் நிற்கும்படி' என்ற பகுதி ஹெண்டர்சனுக்கு அழுத்தமாகப் பதிந்தது. அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1934 முதல் 1948 வரை பாடம் நடத்தினார், 1953இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெர்தா ஹார்மர் எழுதிய நர்சிங் பாடநூலை 1939இல் திருத்தி எழுதியவரும் அவர்தான். மேலே நான் சொன்ன விளக்கம் அதே நூலின் 1955 பதிப்பில் வந்தது. பிறகு 1960இல் சர்வதேச நர்சஸ் கவுன்சில் அவருடைய சிறு நூலை வெளியிட்டது, அது பல மொழிகளுக்குப் போனது. 1966இல் 'தி நேச்சர் ஆஃப் நர்சிங்' வந்தது. உங்கள் நோட்ஸில் பெரும்பாலும் இந்த 1966தான் இருக்கும், ஆனால் விதை அதற்குப் பல வருடம் முந்தையது.

சரி, வார்டுக்கு வருவோம். பலம், மனசு, விவரம். இந்த மூன்றில் எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் நர்ஸின் மூளைக்கான வேலை என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருவர் சாப்பிடவில்லை, நடக்கவில்லை, ஊசி சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். பலம் இல்லாதவருக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. விவரம் தெரியாதவரைத் திட்டிப் பயனில்லை. மனசு இல்லாதவருக்கு ஊட்டிவிட்டால் அன்றைக்கு வயிறு நிறையும், மறுநாளும் அவர் வாயைத்தான் திறப்பார்.

நான் தப்பு செய்த கதை இதுதான். ஐம்பது வயது இருக்கும், கூலி வேலைக்குப் போகும் அம்மா. சக்கரை எகிறி அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகியிருந்தார். இன்சுலின் எழுதிக்கொடுத்து, போடவும் சொல்லிக்கொடுத்து அனுப்பியதாகக் கேஸ் ஷீட்டில் இருந்தது. நானும் மற்றவர்களைப் போலவே, இவர் ஊசியை ஒழுங்காகப் போடுவதில்லை, வாயைக் கட்டுவதில்லை என்று முடிவு கட்டி, கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பையிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்சுலின் பாட்டிலும் ஊசிகளும். 'நீங்க சொன்ன இருபதுதான் சிஸ்டர் போடறேன், ஒருநாள் தவறல' என்றார்.

போட்டுக் காட்டச் சொன்னேன். கை நடுங்காமல் அழகாக எடுத்தார், சரியாக 20 என்ற கோட்டில் நிறுத்தினார். பிறகுதான் ஊசியின் மூடியைப் பார்த்தேன், ஆரஞ்சு. பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 ஊசிதான் வேண்டும். ஆரஞ்சு மூடி ஊசி ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அந்த ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் 0.2 மில்லிதான் வரும், அதாவது 40 பாட்டிலில் 8 யூனிட். இருபது போட வேண்டியவர் மாதக்கணக்கில் எட்டு போட்டுக்கொண்டிருந்தார், ஒருநாள்கூடத் தவறாமல். மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கியிருக்கிறார், மூடி நிறத்தைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. தினமும் ஒரே இடத்தில் குத்தி வயிற்றில் கட்டி வேறு, அந்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது.

பலம் இருந்தது, மனசு என்னைவிட அதிகமாகவே இருந்தது, விவரம்தான் இல்லை. அதைக் கொடுக்க வேண்டிய ஆள் நான். அந்த வாரம் முழுக்க காலையும் மாலையும் அவர் கையாலேயே எடுக்க வைத்தேன், இடம் மாற்றி மாற்றிக் குத்த வைத்தேன். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றார். ஒரு டப்பாவில் பாட்டிலை மூடி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள், பாட்டில் நனையாதபடி வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரிதான் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எல்லாம் அதில் எழுதியே இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்று. டீக்கடை மாஸ்டர் ஒருவர், பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டது. ஆறாம் நாள். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்து, வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் இட்லியை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். மாணவி எழுதிய கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில், பலவீனத்தால் தானாகச் சாப்பிட இயலவில்லை, உணவூட்டவும் என்று இருந்தது. பார்த்தால் சரிபோலத்தான் தெரியும். ஆனால் அவர் இடது கையால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார், செல்போனைத் தள்ளுகிறார், கொசு அடிக்கிறார். அந்தக் கைக்குப் பலம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கேட்டேன். வார்த்தை குழறித்தான் வந்தது, ஆனால் புரிந்தது. 'இடது கையாலயா சிஸ்டர்?' மனைவியும் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரச்சனை அதுதான். இடது கையால் சோறு எடுத்து வாயில் வைப்பது அவருக்குக் கூச்சம், மற்ற நோயாளிகள் பார்க்க அதைச் செய்வதற்குப் பதில் மனைவி ஊட்டிவிடுவது மேல். இந்த இடத்தில் அது தப்பு, சரி என்று நான் வகுப்பு எடுத்திருந்தால் அவர் சாப்பாட்டையே தள்ளிவிட்டிருப்பார். ஒரு ஸ்பூன் கொண்டுவந்தோம். கைபடாமல் ஸ்பூனில் எடுத்தால் அவருக்கு அது வேறு விஷயம், ஒத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்து, தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தோம். விளிம்பு உயர்ந்த தட்டு, ஸ்பூனால் தள்ளினால் சாப்பாடு விளிம்பில் முட்டி ஏறிக்கொள்ளும். முதல் நாள் நாலு ஸ்பூன் வாய்க்குப் போனது, அதற்குமேல் சட்டையில். மனைவி தாங்காமல் ஸ்பூனை வாங்கக் கை நீட்டினார், நான் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். என் வேலையிலேயே கஷ்டமானது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், செய்ய முடிந்தும் செய்யாமல் பக்கத்தில் நிற்பது. இருபது நிமிடம் ஆனது. ஊட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பதினோராம் நாள் முக்கால் தட்டு அவரே சாப்பிட்டார்.

வயது, மனப்போக்கு, சமூகம், பழக்கவழக்கம், உடலின் மனதின் திறன் எல்லாம் தேவைகளை மாற்றும் என்று ஹெண்டர்சன் தனியாகவே எழுதியிருக்கிறார். கேர் பிளானில் அந்தப் பகுதியை நாம் 'மதம்: இந்து, மொழி: தமிழ்' என்று நிரப்பிவிட்டுப் போய்விடுகிறோம்.

உதவி கூடினாலும் கேடுதான் என்பதற்கு இன்னொரு உதாரணம் கத்தீட்டர், சிறுநீர் போக வைக்கும் டியூப். ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாள் ஆகியும் டியூப் அப்படியே இருக்கும். நமக்கு வேலை குறைவு, பெட்பேன் கேட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள், படுக்கை நனையாது. ஆனால் எழுந்து பாத்ரூம் போக வேண்டிய அவசியமே நோயாளிக்கு இல்லாமல் போகிறது. படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றும், மலம் கட்டும், ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்றுக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் ரவுண்ட்ஸில் 'இது இன்னும் வேணுமா சார்?' என்று கேட்க வேண்டியது நாம். நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை.

டாக்டர் எழுதியதைச் செய்வது என்றே வைத்துக்கொள்வோம். 'மொபிலைஸ்', அதாவது எழுப்பி நடக்க வை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அவர் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். வலி மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து எழுப்புவது, முதலில் கால்களைத் தொங்கப்போட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா, முகம் வெளுக்கிறதா என்று பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து நீர் வடியும் ட்ரெயின் பையை எந்தப் பக்கம் பிடிப்பது, தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு எழச் சொல்வது, செருப்பு வழுக்குமா, பாத்ரூம் வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, நேற்று எதற்குப் பயந்தார். இது எதுவும் ஆர்டர் ஷீட்டில் இருக்காது. இது நர்சிங். இதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

நர்ஸ் நோயாளிக்கு என்னவாக இருக்கிறாள் என்பதற்கு ஹெண்டர்சன் ஒரு அருமையான இடம் எழுதியிருக்கிறார். நினைவு இல்லாதவருக்கு நினைவாக, கால் இழந்தவருக்குக் காலாக, புதிதாகப் பார்வை போனவருக்குக் கண்ணாக, வாழ்க்கை வெறுத்துப்போனவருக்கு வாழும் ஆசையாக, முதல் பிள்ளை பெற்றவளுக்கு விவரமாகவும் தைரியமாகவும், பேச முடியாதவருக்கு வாயாக இருக்கிறாள் என்ற பொருளில். அதில் 'தற்காலிகமாக' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார், அதை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் தோலுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்பதும் அவர் அடிக்கடி சொன்னதுதான்.

இப்போது அந்த 14க்கு வரலாம், வேகமாகவே சொல்லிவிடுகிறேன். சீராக மூச்சுவிடுவது, போதுமான அளவு சாப்பிட்டுக் குடிப்பது, கழிவை வெளியேற்றுவது, அசைந்து சரியான நிலையில் இருப்பது, தூக்கமும் ஓய்வும், ஏற்ற உடையைத் தேர்ந்து உடுத்துவது, உடல் சூட்டைச் சீராக வைப்பது, உடம்பைச் சுத்தமாக வைத்துத் தோலைக் காப்பது, ஆபத்துகளிலிருந்து தப்பியிருந்து அடுத்தவருக்கும் ஆபத்து வராமல் பார்ப்பது, இவை ஒன்பதும் உடம்பைச் சேர்ந்தவை. பத்தாவது, தன் உணர்ச்சியையும் பயத்தையும் தேவையையும் வெளியே சொல்வது. பதினொன்று, தன் நம்பிக்கைப்படி வழிபடுவது. பன்னிரண்டு, நிறைவு தரும்படி ஏதாவது வேலை செய்வது. பதின்மூன்று, பொழுதுபோக்கு. பதினான்கு, கற்றுக்கொள்வது, தெரிந்துகொள்வது. நம் கேர் பிளான்கள் பெரும்பாலும் ஒன்பதோடு நின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் குறை இல்லாமல் இல்லை. எது முதலில், எது பிறகு என்று அவர் அழுத்திச் சொல்லவில்லை, ஒன்றோடு ஒன்று எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதும் பட்டியலில் தெரியாது. மூச்சு வாங்குகிறவருக்குத் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாததால் சாப்பாடு இறங்கவில்லை, சாப்பிடாததால் மலம் போகவில்லை, நாலையும் நாலு பிரச்சனையாக எழுதினால் நாலு பக்கம் நிரம்பும், அவர் தேறமாட்டார். அதை வார்டில் நாம்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். எடின்பரோவில் ரோப்பர், லோகன், டியர்னி மூவரும் 1980இல் 12 வாழ்க்கைச் செயல்பாடுகள் என்று ஒரு மாதிரியை எழுதினார்கள், அது ஹெண்டர்சனிலிருந்து வளர்ந்தது. டொரோதியா ஓரெம் 1971இல் எழுதிய சுயபராமரிப்புத் தியரியும் இதற்குப் பக்கத்து வீடுதான். முழுக்க நாமே செய்வது, பாதி நாம் பாதி அவர், சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று நிலைகளாக அவர் பிரித்ததை ஹெண்டர்சனோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் விளங்கும். ஆனால் ஓரெம் தியரி கட்டினார், ஹெண்டர்சன் தான் எழுதியதைத் தியரி என்று உரிமை கொண்டாடவே இல்லை. நர்சிங் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். 1982இல், நோயாளியின் பிரச்சனையைக் கண்டறிந்து திட்டமிட்டுச் செய்து சரிபார்க்கும் படிகளுக்கு வைத்த 'நர்சிங் ப்ராசஸ்' என்ற பெயரே சரியா என்று கேட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். பிரச்சனையைத் தீர்க்கும் படிகள் எல்லாத் துறைக்கும் பொது, அதற்கு மட்டும் நர்சிங் என்று பெயர் வைத்தால் அனுபவமும் உள்ளுணர்வும் எங்கே போகும் என்பது அவர் கவலை. கட்டம் போட்ட தாளை நிரப்பிவிட்டு நர்சிங் முடிந்தது என்று நினைக்கும் பழக்கத்துக்கு அது இன்றைக்கும் பொருந்தும்.

அந்தப் பதினொன்றாவது தேவையான வழிபாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நைட் டியூட்டியில் ஒரு பாட்டி, புற்றுநோய் முற்றி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று குடும்பத்துக்கும் தெரியும். ஆர்டர் ஷீட்டில் புதிதாக எதுவும் இல்லை, வலிக்கான மருந்து மட்டும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தேன், பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன், நனைந்திருந்த துணியை மாற்றினேன். மகள் என்னிடம் ஏதோ கேட்க வந்து வந்து போனார். கடைசியில் நானே என்னம்மா என்றேன். அம்மா தினமும் திருநீறு பூசாமல் படுக்க மாட்டார், இங்கே வந்த நாளிலிருந்து பூசவில்லை, இங்கே அதெல்லாம் பூசலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்தப் பெண் எத்தனை நாளாக வைத்திருந்தாளோ. பூசச் சொன்னேன். பாட்டியின் முகச்சுளிப்பு கொஞ்சம் தளர்ந்தது, விடியும்முன் போய்விட்டார். நலம், தேறுதல் என்பதோடு 'அமைதியான மரணம்' என்பதையும் நர்ஸ் வேலையின் விளக்கத்திலேயே எழுதிய ஹெண்டர்சனும், 1996 மார்ச் 19 அன்று தன் 98ஆவது வயதில், கனெக்டிகட் மாநிலம் பிரான்ஃபோர்டில் ஒரு ஹாஸ்பிஸில்தான், அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தில்தான் காலமானார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நாற்பது பெட்டுக்கு இரண்டு பேர் என்ற வார்டில் நானும் இருந்திருக்கிறேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் இருபது நிமிடம் ஸ்பூன் பிடித்து நிற்க முடியாது, அது உண்மை. ஆள் பற்றாக்குறையைத் தியரி தீர்க்காது, அதற்கு ஆள் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் வார்டில் வேறொரு நிலைமை இருக்கிறது. நோயாளியோடு எப்போதும் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்தான். ஹெண்டர்சன் சொன்ன அடிப்படைப் பராமரிப்பில் பாதியை இங்கே செய்வது அம்மாவும் மனைவியும் மகளும்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்தே அவர் பார்த்தார், அதனால் 'விவரம்' என்ற சொல் அந்த வீட்டு ஆளுக்கும் பொருந்தும். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இழுக்கக் கூடாது, தூக்கித் திருப்ப வேண்டும், இழுத்தால் தோல் உரியும், இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் சாப்பாட்டை ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. இதை டிஸ்சார்ஜ் அன்று வாசலில் நின்று சொன்னால் ஏறாது. அட்மிட் ஆன மறுநாளிலிருந்து, நாம் செய்யும்போதே அவரையும் ஒரு கை பிடிக்க வைத்தால் பத்து நாளில் அவர் கற்றுக்கொள்வார். இதற்குத் தனி நேரம் தேவையில்லை, எப்படியும் செய்யப்போகும் வேலைதான்.

யேலில் இருந்தபோது ஹெண்டர்சன், லியோ சிம்மன்ஸ் என்பவரோடு சேர்ந்து நர்சிங் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். 1964இல் அது நூலாக வந்தது. நர்ஸ்களைப் பற்றிய ஆய்வு நிறைய இருந்தது, நோயாளிக்குச் செய்யும் நர்சிங்கைப் பற்றிய ஆய்வு குறைவாக இருந்தது. நீங்கள் நாளைக்கு ப்ராஜெக்ட் எடுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும், மாணவிகளின் மன அழுத்தம் பற்றி இன்னொரு கேள்வித்தாள் கொடுப்பதைவிட வார்டில் ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

தேர்வுக்கு 14ஐ எழுதுங்கள், வேறு வழியில்லை. அதற்கு முன்னால் அந்த விளக்கத்தையும் எழுதுங்கள், பலம், மனசு, விவரம் மூன்றுக்கும் தலா ஒரு உதாரணம் நீங்கள் பார்த்த நோயாளியிடமிருந்து கொடுங்கள். அடுத்த போஸ்டிங்கில் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ய முடியாத ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரே இந்த மூன்றில் எது குறைவு என்று எழுதுங்கள், எழுதும் முன் அவரைச் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள், யூகித்து எழுதாதீர்கள். அப்புறம், நோயின் பெயரை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் என்ன வேலை செய்கிறவர் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். பன்னிரண்டாவது தேவைக்கு அது வேண்டும். அந்த டீ மாஸ்டர் டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றை லாக்கர் மேல் வைத்து, இன்னொன்றில் பச்சைத்தண்ணீரை எடுத்து, இடது கையால் உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தண்ணீர். நான் மாப் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டேன்.